லினோலிய நிவிருத்தி விசாரம்

ஒரு கிரந்தத்தைத் தொடங்குமுன் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் கூறியாக வேண்டும் என்பது வடநூலார் வகுத்த முறை. தமிழ்நூலாரும் பாயிரம் இல்லாத நூலை நூலென்று ஒப்புவதில்லை. ஆதலால், சிமெண்டுத் தரையின்மேல் என்றோ எவராலோ ஒட்டப்பட்டு, ஓரங்கள் சுருண்டு, நடுவில் உப்பி, நாற்காலிக் கால்கள் பதிந்த குழிகளோடு மங்கிக் கிடக்கிற பழைய லினோலியத்தையும், அதன் அடியில் ஒளிந்திருந்து அதனினும் கொடியதாக விளங்கும் பசையையும் நீக்குவதே இக்கட்டுரையின் விஷயம் என்று முதற்கண் பிரகடனம் செய்கிறேன். பிரயோஜனம், புதுத் தரை போடுதல். சம்பந்தம், வெறுங்காலோடு நடக்கையில் உள்ளங்காலுக்கும் தரைக்கும் ஏற்படுவது. அதிகாரி யார் என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம் உண்டு: சொந்த வீடு உடையவன் என்பர் சிலர், வாடகை வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தைக் குறைவின்றித் திரும்பப் பெற விரும்புகிறவனும் அதிகாரியே என்பர் வேறு சிலர், முழங்கால் இரண்டும் முனகாமல் மடங்குகிற எவனும் அதிகாரி என்பது என் துணிபு.

இத்தனை முக்கியமான விஷயத்தில் முன்னோர் நூல் செய்யாமல் விட்டது ஏன் என்று கேட்கலாம். கட்டுவதற்கு நம்மிடம் சாஸ்திரம் நிறைய உண்டு, கழற்றுவதற்கு இல்லை. இத்தனை அடி அகலமுள்ள அறைக்கு இன்ன பலன் என்று ஒவ்வோர் அளவுக்கும் செல்வமும் நோயும் எதிரியும் பங்கிட்டுக் கொடுக்கிற மனையடி சாஸ்திரம், அந்த அறையின் தரையில் ஒட்டினது ஒட்டினபடியே கிடந்து பெயர மறுத்தால் குடித்தனக்காரனுக்கு என்ன பலன் என்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அந்தக் குறையை நிறைவுசெய்ய ஒருவன் முன்வந்தானென்றால், அது அவனுடைய கல்விச் செருக்கினால் என்று கொள்ளாமல், அவன் வீட்டுத் தரையினால் என்று கொள்க.

இனி உற்பத்திக் காண்டம். லினோலியம் பிறந்த கதை ஒரு வர்ணப் பாத்திரத்தில் தொடங்குகிறது. ஆங்கிலேயரான பிரெடெரிக் வால்டன் என்பவர் 1855ஆம் ஆண்டளவில், வர்ணம் வைத்திருந்த பாத்திரத்தின்மேல் ஆளிவிதை எண்ணெய் ஆடை கட்டி, தொட்டால் ரப்பரைப்போல் நெகிழ்வதைக் கண்டார். நம்மில் பெரும்பாலோர் அந்த ஆடையைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கப் போயிருப்போம். வால்டன் அப்படிப் போகாமல் அந்த ஆடையையே ஆராயத் தலைப்பட்டு, 1860இல் ஒரு காப்புரிமையும் 1863இல் மற்றொன்றும் பெற்று, 1864இல் லண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் என்னும் ஊரில் தொழிற்சாலை வைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். உயர்ந்த கொட்டகைகளில் மெல்லிய துணிகளை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் எண்ணெயை நாள்தோறும் வழியவிட்டால், காற்றிலுள்ள பிராணவாயுவை உண்டு அது படலத்தின்மேல் படலமாகத் தடிக்கும். மாதக்கணக்கில் இப்படித் தவம் கிடந்த எண்ணெயைக் குங்கிலியம் போன்ற பிசின்களோடு உருக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் கலந்து பிசைந்து, சணல் துணியின்மேல் உருளைகளால் அழுத்தி, மறுபடியும் வெப்ப அறைகளில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு எடுத்தால் கிடைப்பதே லினோலியம்.

இந்தப் பொருளின் கோத்திரத்தை விசாரித்தால், அது பாதி நம்மவரின் உறவாக முடிகிறது. அன்று பிரிட்டன் வாங்கிய ஆளிவிதையில் ஒரு பெரும் பகுதி இந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியது. சணல் வங்காளத்தில் விளைந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நெய்யப்பட்டது. தக்கை போர்த்துகல், ஸ்பெயின் நாட்டு மரங்களின் பட்டை. பிசினுக்கு நியூஸிலாந்தின் கௌரி மரங்கள் உதவின. ஆக, ஒரு சாம்ராஜ்யம் முழுவதையும் அரைத்துத் தட்டையாக்கிச் சமையலறையில் விரித்து அதன்மேல் நடந்தார்கள் என்று சொன்னால், அது அலங்காரமும் ஆகும், சரித்திரமும் ஆகும்.

வால்டனின் காப்புரிமைக் காலம் 1877இல் முடிந்ததும், ஸ்காட்லாந்தில் கெர்க்காடி என்னும் ஊரில் நெய்ர்ன் குடும்பத்தார் தாமும் லினோலியம் செய்யலாயினர். பெயராவது எனக்கு உரியதன்றோ என்று வால்டனின் கம்பெனி வழக்காட, அது பொருளின் பெயரேயன்றி எவருடைய சொத்தும் அன்று என்று 1878இல் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிவிட்டது. அப்பால் கெர்க்காடி முழுவதும் ஆளிவிதை எண்ணெய் மணந்தது. ரயிலில் வருகிறவர்கள் நிலையப் பலகையைப் பாராமலே மூக்கினால் ஊரை அறிந்து இறங்கினார்கள் என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு மணந்தது. அமெரிக்காவில் நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவிலோ தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த ஊருக்கு லினோலியம்வில் என்றே பெயர் வழங்கிற்று. 1930ஆம் ஆண்டளவில் அவ்வூரார் வாக்களித்து அந்தப் பெயரை நீக்கி, டிராவிஸ் என்று வைத்துக்கொண்டார்கள். லினோலியத்தைச் சுரண்டாமலும் ஊறவைக்காமலும், கையைத் தூக்கியே பெயர்த்த நிகழ்ச்சி என் அறிவுக்கு எட்டிய அளவில் இது ஒன்றே.

ஆளிவிதை எண்ணெய் உலர்வது, ஈரத் துணி உலர்வதைப் போன்றதன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். துணியிலிருந்து நீர் போய்விடுகிறது. எண்ணெய் உலர்வதோ எதுவும் போவதால் அன்று, பிராணவாயு அதனுள் வந்து சேர்ந்து, அணுக்கூட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. அப்படிக் கோத்த கையைப் பிரிக்க டர்பன்டைனாலும் ஆகாது, தின்னராலும் ஆகாது. ஆனால் காரத்துக்கு அது அஞ்சும்: காரம் பட்டால் எண்ணெய் சோப்பாக மாறிவிடும். சிமெண்டோ காரமே உருவானது. தரையடி ஈரம் மேலே கசிந்து வந்தால் அந்தக் காரத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, லினோலியத்தின் அடிவயிற்றை ஆண்டுக்கணக்கில் அரித்துக் கொழகொழப்பாக்கிவிடும். மண்ணோடு ஒட்டிய சிமெண்டுத் தளத்தில் லினோலியம் ஒட்டாதீர்கள் என்று அதைச் செய்தவர்களே எச்சரித்ததன் காரணம் இது. பின்னே வந்த தலைமுறை, அந்த எச்சரிக்கையை மதிக்காதவர்களால் துன்பப்படவில்லை. அவர்கள் ஒட்டினது தானே பெயர்ந்து போயிற்று. மதித்து, உலர்ந்த மாடித் தளத்தில் செவ்வனே ஒட்டினார்களே, அந்தக் கடமை தவறாத உத்தமர்களால்தான் இன்று நாம் முழங்காலில் நிற்கிறோம்.

நம் ஊர்க் கடைத்தெருவில் லினோலியம் என்று சொல்லி விரித்துக் காட்டப்படுவது பெரும்பாலும் பி.வி.சி. எனப்படும் செயற்கைச் சரக்கு. ஆளிவிதையை அது கனவிலும் கண்டதில்லை. பெயர்ப்பவனுக்கு இந்தப் பேதம் ஓரளவே முக்கியம். மேலே இருப்பது எதுவாயினும், அவனுடைய சத்துரு கீழே இருக்கிறான்.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தத்தின் துணையை நாடுகிறேன், பெரியோர் பொறுத்தருள்க. ஆன்மாவைப் பிணிக்கும் மலங்கள் மூன்று என்பது சித்தாந்திகள் கொள்கை. அவற்றுள் மாயையின் ஸ்தானத்தில் வைக்கத் தக்கது, பளிங்குக் கட்டமும் மரவரியும் பூக்கோலமுமாய்க் கண்ணை மயக்கிய மேற்பரப்பு. இது எளிதில் நீங்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரு முழம் வந்துவிடும், பெயர்ப்பவனும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்து காப்பி கேட்பான். கன்மத்தின் ஸ்தானத்தில் வைக்கத் தக்கவை அடுக்கடுக்காக வந்த விரிப்புகள்: அடியில் கிடக்கும் பழையது சஞ்சிதம், இப்போது காலில் படுவது பிராரப்தம், இனிமேல் ஒட்டப்போவது ஆகாமியம். ஆணவத்தின் ஸ்தானத்தில் இருப்பது பசை. செம்பில் களிம்புபோல் ஆன்மாவை ஆணவம் பற்றியிருக்கிறது என்று சித்தாந்திகள் உவமை கூறுவர். சிமெண்டைப் பசை பற்றியிருப்பதைக் காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. சிமெண்டுத் தரை பார்வைக்கு வழவழப்பாயினும் உள்ளே எண்ணிறந்த நுண்துளைகள் உடையது. பசை அத்துளைகளில் இறங்கி வேர்விட்டிருக்கிறது.

"ஆணவம் அநாதி, பசையோ ஒருவன் ஒருநாள் பூசியது, ஆகவே உவமை பொருந்தாது" என்று பூர்வபட்சி தடை எழுப்பலாம். பூசினவன் பெயரும் ஊரும் எவருக்கும் தெரியாதவிடத்து, வீட்டுக்காரரும் நான் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டவிடத்து, அதை அநாதி என்று கொள்வதே வாடகை வீடுகளில் மரபு என்பது விடை.

சித்தாந்தத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. முத்தி நிலையிலும் ஆணவம் அடியோடு அழிந்துபோவதில்லை. தன் சக்தி ஒடுங்கி, இருந்தும் இல்லாததுபோல் கிடக்கும் என்பர். பசை நிவிருத்தியின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தரை பழைய வெண்மைக்குத் திரும்ப வேண்டும், ஒரு கறையும் தெரியலாகாது என்று சங்கற்பம் செய்துகொண்டவன், சிமெண்டையே ஒரு விரற்கடை செதுக்கினாலும் திருப்தி அடையமாட்டான். ஏனெனில் கறை துளைக்குள் இருக்கிறது. பசை இருக்கிறதா என்று கேட்பது வீண். அதற்கு இன்னும் ஒட்டும் சக்தி இருக்கிறதா என்று கேட்பதே அறிவுடைமை. கறை நிற்கலாம், கனம் நிற்கலாகாது. இந்த ஒரு விவேகம் இல்லாமையால் சேதப்பட்ட தரைகளும், இடுப்புகளும், இல்லறங்களும் பல.

பசையின் ஜாதியை அறிவதற்குப் பிரமாணங்கள் மூன்று. பிரத்தியட்சத்தால் அறியலாவது நிறம்: கபில நிறமாய்ப் பனைவெல்லப் பாகுபோல் தோன்றுவது காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்த லிக்னின் பசையாக இருக்கலாம், கறுப்பாகத் தாரின் மணத்தோடு மின்னுவது ஆஸ்பால்ட் பசை, வெளிறிய மஞ்சளாய், விரலால் தேய்த்தால் அழுக்குருண்டைபோல் திரள்வது ரப்பர் கலந்த பிற்காலத்துச் சரக்கு. அனுமானத்தால் அறியலாவது அதன் சுபாவம்: ஒரு மூலையில் கொதிநீரையும் மற்றொரு மூலையில் டர்பன்டைனையும் கந்தல் துணியில் நனைத்து வைத்துக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால், எதற்கு இளகியிருக்கிறதோ அதன் இனம் வெளிப்படும். ஆப்தவாக்கியம் என்பது கடைக்காரர் சொல்வது. அதன் பிரமாணத்துவத்தைப் பற்றி, அவர் விற்கும் திரவத்தின் விலையைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இனி மதங்கள். நீக்குவோர் நால்வகைப்படுவர்: சுரண்டல்வாதிகள், ஊறல்வாதிகள், கரைப்புவாதிகள், மூடல்வாதிகள்.

சுரண்டல்வாதிகள் சுயமுயற்சியில் நம்பிக்கை உடையவர்கள். விரிப்பை ஒரு சாண் அகலப் பட்டைகளாகக் கத்தியால் கீறிக்கொள்வதும், ஒரு பட்டையின் தலைப்பைப் பிடித்து மேல்நோக்கி இழுக்காமல் தரையோடு தரையாகத் திரும்பிப் போகும்படி இழுப்பதும், எஞ்சிய பசையின்கீழ்த் தகட்டைச் சாய்த்துத் தள்ளுவதும் இவர்களின் அனுஷ்டானம். தகட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் அது பசையின்மேல் தத்தித் தத்தி ஓடும். மிகவும் படுக்கவைத்தால் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும். இடைப்பட்ட ஒரு கோணத்தில் மட்டும் பசையின் அடியில் புகுந்து, மெல்லிய சுருளாக அதை எழுப்பும். அந்தக் கோணம் அளந்து வருவதன்று, மணிக்கட்டுக்கு அனுபவத்தால் வருவது.

இதை நேரில் காணும் வாய்ப்பு, மயிலாப்பூரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் கிடைத்தது. நண்பர் கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றவர்; மாடி முன்னறையைப் பல் வைத்தியர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்து, அவர் போனபின் அதை நூலகம் ஆக்க எண்ணினார். அழைத்துவரப்பட்ட மேஸ்திரி, அறை நடுவில் குந்தி, பட்டி இழுக்கும் தகட்டை ஓர் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். படார் என்று ஒரு துண்டு எழும்பியது. அதன் கீழே வேறொரு விரிப்பு பச்சை நிறத்தில் சிரித்தது.

"சார், கீழ ஒண்ணு இருக்குது சார்."

"தெரியும், மேஸ்திரி. சஞ்சிதம்" என்றார் நண்பர்.

"அது என்னமோ சார், கூலி ரெண்டுக்கும் சேத்துப் பேசல."

வேதாந்தம் தோற்று விவகாரம் வென்ற அந்தக் கணத்திற்குப் பின், மேஸ்திரி பெரிய அண்டாவில் வெந்நீர் கேட்டார். பழைய கோணிச் சாக்குகளைத் தரையில் பரப்பி, கொதிக்கக் கொதிக்க நீரைச் சாக்கின்மேல் ஊற்றி, சூடு தப்பாமலிருக்க மேலே பெயர்த்தெடுத்த விரிப்பையே கவிழ்த்து மூடிவிட்டு, பீடி குடிக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டார். ஊறல்வாதம் என்பது இதுவே. தாமே முயலாமல், நீரின் அருளும் காலத்தின் அருளும் வேலை செய்யட்டும் என்று ஒதுங்கி நிற்பது இவர்களின் கோட்பாடு. பீடி அதற்கு அங்கம். சோம்பேறித்தனம் என்று நினைத்த நண்பர் இருமுறை ஏணியடியில் நின்று அழைத்துப் பார்த்தார். மேஸ்திரி இறங்கி வந்து சாக்கை விலக்கித் தகட்டை வைத்தபோது, பச்சை விரிப்பின் அடியிலிருந்த கபிலப் பசை, சுண்டக் காய்ச்சின பால் வாணலியில் திரள்வதுபோல் தகட்டின் முன்னே மடிந்து மடிந்து திரண்டு வந்தது. பாதி அறை அப்படிப் போயிற்று. மறுபாதியில், வைத்தியரின் நாற்காலி நின்ற இடத்தில், பின்னால் வந்த எவரோ ரப்பர்ப் பசையைக் கொட்டி ஒட்டியிருந்தபடியால், வெந்நீர் அங்கே வெறும் வெந்நீராகவே இருந்து ஆறிப்போயிற்று.

அங்கே தேவைப்படுவது கரைப்புவாதம். தின்னரும் டர்பன்டைனும் இவர்களுடைய தீர்த்தங்கள். இவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு, நம்பிக்கை இல்லை. கரைந்த பசை எங்கே போகிறது என்ற கேள்விக்கு இவர்கள் நேரான விடை தருவதில்லை. அது மேலே துணிக்கு வருவதில் ஒரு பங்கு, கீழே துளைக்குள் இறங்குவதில் ஒரு பங்கு. கறுப்பு ஆஸ்பால்ட் பசையைக் கரைப்பவன், மேலே தடிப்பாய் இருந்த விரோதியை நீர்க்கச் செய்து தரையின் உள்ளறைகளுக்கு அவனே வழிகாட்டி அழைத்துச் சென்றவன் ஆகிறான். கரைப்பானும் உள்ளே தங்கி, நாளைக்குப் போடும் புதுப் பூச்சு பற்றாமல் கெடுக்கிறது. சோப்புநீரால் கழுவி, கழுவிய நீரையும் தேங்கவிடாமல் ஒற்றி எடுத்தாலொழிய அந்தத் தோஷம் நீங்காது. இந்தத் திரவங்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழுந்து ஜன்னல் வழியே போகாமல் தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். அடுத்த அறையில் பூஜைவிளக்கு எரியுமானால், அல்லது சமையலறை அடுப்பு எரியுமானால், கட்டுரை அங்கேயே முடிந்துவிடும். மேஸ்திரி தின்னர் டப்பாவைத் திறக்குமுன், "அம்மா, வெளக்கக் குளிர வெச்சிடுங்கம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தாரே, அது எந்தக் கல்லூரியிலும் படித்து வந்ததன்று.

சுரண்டல்வாதத்தின் தீவிர சாகையாக அரைப்புவாதம் ஒன்று உண்டு. வைரப் பொடி பதித்த வட்டத்தை மின்சார இயந்திரத்தில் பூட்டித் தரையையே அரைத்து எடுப்பது அது. பசை கடினமானதாயின் வேலை விரைவில் முடியும். இளகும் இனமாயின் சூட்டில் உருகி வட்டத்தையே பூசி மெழுகிவிடும், பிறகு வட்டத்திலிருந்து பசையை நீக்குவது எப்படி என்று இதே கட்டுரையை முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். வெந்நீர் மதத்துக்கு எதிரிடையாகப் பனிமதம் ஒன்றையும் மேல்நாட்டில் சிலர் அனுஷ்டிக்கிறார்கள்: கெட்டியாக்கிய கரியமில வாயுவைத் தரை ஓடுகளின்மேல் பரப்பிக் குளிரவைத்தால், ஆஸ்பால்ட் பசை கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்று, ஓடுகள் ஒரே தட்டில் தெறித்துக் கிளம்பும். சித்திரை மாதத்துச் சென்னையில் அந்த வாயுக்கட்டி கிடைத்தால், அதைத் தரைக்குச் செலவிட மனம் வருமோ என்பது வேறு கேள்வி.

இங்கே விளையாட்டை ஒரு பத்தியளவு நிறுத்தி வைக்கிறேன். 1980க்கு முற்பட்ட மேல்நாட்டு வினைல் ஓடுகளிலும், முக்கியமாக ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளிலும், வினைல் விரிப்புகளின் அடியிலுள்ள சாம்பல்நிறக் காகிதம் போன்ற முதுகிலும், கறுப்புப் பசையிலும் கல்நார் கலந்திருப்பது சகஜம். பிரிட்டனில் கல்நாரை முற்றிலும் தடை செய்தது 1999இல்தான். அதற்குமுன் விரித்தவை விரித்தபடியே பல வீடுகளில் இன்றும் கிடக்கின்றன. கல்நார் ஒட்டிக்கிடக்கும்வரை சாது. உலர்ந்த நிலையில் தேய்த்தாலும் அரைத்தாலும், கண்ணுக்குத் தெரியாத இழைகளாகக் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக் கணக்குத் தீர்க்கும். புதியது என்று நிச்சயமாகத் தெரியாத விரிப்பானால் ஒரு துண்டைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி விடை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதே முறை. கல்நாரே இல்லாவிட்டாலும், சிமெண்டை உலர அரைக்கும் தூளில் சிலிக்கா உண்டு. கல்லுடைப்போரின் மார்புக்கு அது என்ன செய்யும் என்பதை நாடு அறியும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது.

அந்தக் கல்நார் விஷயத்தால் மதிப்பு உயர்ந்தவர்கள் மூடல்வாதிகள். பெயர்க்காதே, மேலேயே ஒரு பூச்சைப் பூசி மூடிவிடு என்பது இவர்களுடைய உபதேசம். பசை உண்டு என்று நினைப்பவனுக்குத்தான் பசை உண்டு என்ற அளவுக்குப் போகும் இவர்களை நான் முதலில் சோம்பேறிகளின் சங்கத்தில் சேர்த்திருந்தேன். கல்நார் உள்ள இடத்தில் இவர்களே ஞானிகள். மற்ற இடங்களில், மூடினவர்களின் பேரப்பிள்ளைகள் அடுக்கை எண்ணிக்கொண்டு மூன்று விரிப்புகளைப் பெயர்க்கிறார்கள்.

பெயர்த்த தரையைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளன் கண்கொண்டு பார்ப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. பல்வைத்த கரண்டியால் பசையை இழுத்த வரிகள் விசிறி விசிறியாகத் தரையில் நிற்கின்றன. ஒவ்வொரு விசிறியும் ஒரு கையின் வீச்சு. அதன் வளைவைக்கொண்டு ஒட்டினவன் வலக்கைக்காரன் என்றும், ஜன்னலோரத்தில் தொடங்கிப் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வாசற்படியில் முடித்தான் என்றும், நடுவில் ஓரிடத்தில் விசிறிகள் தாறுமாறாகக் கிடப்பதைக்கொண்டு அங்கே யாரோ கூப்பிட்டு அவன் எழுந்து போனான் என்றும் நிச்சயிக்கலாம். மயிலாப்பூர் அறையின் ஒரு மூலையில், மேடுபள்ளத்தை நிரப்புவதற்காகப் பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்து வைத்து அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். வேலையை நிறுத்தவல்ல பொருள்களில் இதைவிட வலியது இல்லை. நண்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன், கல்யாண விளம்பரத்தின் பாதியும் அரிசி விலையின் முழுமையும் படித்தோம். அரிசி விலையைக் கேட்ட மேஸ்திரியும் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஆணவம் ஒடுங்கிற்றா என்பதை அறிய ஒரு பரீட்சை உண்டு. செலவில்லாதது, சந்தேகத்துக்கு இடம் தராதது. சுரண்டின தரையில் அங்கங்கே சில நீர்த்துளிகளை விட வேண்டும். துளி சற்றுநேரத்தில் உறிஞ்சப்பட்டு அவ்விடம் கருத்தால், துளைகள் திறந்திருக்கின்றன, புதுச் சாந்து பற்றும்; முத்துப்போல் உருண்டு மேலேயே நின்றால், கண்ணுக்குத் தெரியாத பசைப்படலம் இன்னும் ஆட்சி செய்கிறது. நண்பர் பஞ்சபாத்திரத்தையும் உத்தரணியையும் கொண்டுவந்து அறை முழுவதும் துளி தெளித்தார். ஊறல் நடந்த பாதி அறை நீரைக் குடித்தது. நாற்காலி நின்ற இடத்தில் துளிகள் நின்று ஒளிவிட்டன. மேஸ்திரி அவ்விடத்தை மட்டும் மறுபடியும் இரண்டு கை பார்த்தார். கறை போகவில்லை, துளி போயிற்று.

திரட்டிய பசையைச் சாக்கடைத் துவாரத்தில் தள்ளிக் கழுவிவிடும் வழக்கம் உண்டு. இளகின பசை குழாயில் ஆறி மீண்டும் கெட்டியாகும், அதற்குப்பின் நடப்பது குழாய்ச் சாஸ்திரத்தைச் சேர்ந்தது. காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்கு அனுப்புவதே முறை. விரிப்பை மட்டும் குப்பைக்கு அனுப்ப எவரும் விடுவதில்லை. பெயர்த்துச் சுருட்டி வாசலில் வைத்த அரைமணிக்குள், எதிர்வீட்டில் தண்ணீர்ப் பீப்பாயின் அடியில் போட ஒரு துண்டும், இஸ்திரி வண்டிக்காரருக்கு வெயில் மறைக்க ஒரு துண்டும் கேட்டு ஆள் வந்துவிட்டார்கள்.

கணக்குத் தீர்க்கும்போது மேஸ்திரி ஒரு பொருளாதாரக் கோட்பாட்டை வெளியிட்டார். ஒட்டுவதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசலாமாம். பெயர்ப்பதற்கு அப்படிப் பேசக்கூடாதாம், நாட்கூலிதானாம். "ஒட்டறப்ப எவ்ளோ எடம்னு கண்ணுக்குத் தெரியுது சார். எடுக்கறப்ப கீழ என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" நண்பர் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பிறகு, நூலகத்துக்குத் தரை சில்லென்று இருக்கலாகாது, மரவரி போட்ட விரிப்பாக ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று மெதுவாக ஆரம்பித்தார். மேஸ்திரி பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒட்டணுமா சார், சும்மா விரிச்சுடலாமா?" என்று கேட்டார். ஆகாமியத்தைப் பற்றித் தாம் முப்பது வருஷம் பாடம் சொன்ன நண்பர், ஒட்டினால் சதுர அடிக்கு என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.